ஐஸ் இல்லாத நவம்பர்

அக்டோபர் 31

இன்று பொழுது சாய்வதற்குள் மலாவி ஏரியின் கசிம்பா கரையில் வலை ஓய்ந்தது. இனி இரண்டு மாதம் தடைக்காலம்.

தூத்துக்குடிக்காரனுக்குத் தடைக்காலம் புதிதில்லை. அங்கே அரசாங்கம் ஆணை போடும், நாங்கள் திட்டிக்கொண்டே வலையைச் சுருட்டுவோம். இங்கே ஊரே கூடி அடைக்கிறது. ஒவ்வொரு படகுக்காரனும் தன் வலையைச் சுமந்து வந்து ஊர்த்தலைவர் சே சயிதியின் வீட்டு மாமரத்தடியில் போடுகிறான். போட்ட கையோடு தன் வலையின் மேல்கயிற்றைப் பக்கத்து வலையின் கயிற்றோடு முடிந்துவிடுகிறான். அந்த வலையை அடுத்ததோடு. கடைசியில் மரத்தடியில் கிடப்பது ஒரே வலை. எவனாவது தன்னுடையதை மட்டும் உருவ நினைத்தால் நடக்காது. எல்லாரும் வந்துதான் அவிழ்க்க வேண்டும். ஒருவரையொருவர் கேலி செய்து சிரித்துக்கொண்டே முடிந்தார்கள்.

கரைக் கமிட்டித் தலைவி அசியாத்தம்மா மட்டும் சிரிக்கவில்லை. “ஃபோஸ்டர் வலை எங்க?” என்று கேட்டார். ஃபோஸ்டர் டவுன்காரன், இங்கே படகும் வலையும் வைத்திருக்கிறான். வலை தைக்கப் போயிருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். அசியாத்தம்மா ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சாயங்காலம் பிளான்டயர் நகரத்திலிருந்து முதலாளி இக்பால் சேட்டின் போன். “மிஷினை நிறுத்தாதே, ரெமி. சோடாக் கடை, கல்யாண வீடு எல்லாத்துக்கும் ஐஸ் வேணும்” என்றார். சரி என்றேன். நான் ஐஸ் பிளாண்ட் ஓட்டுகிறவன். ஓட்டச் சொன்னால் ஓட்டுவேன்.

நவம்பர் 2

ஒரு வேலையும் ஓடவில்லை. கரை காலியாகக் கிடப்பதைப் பார்த்தால் கால் தரையில் நிற்க மாட்டேன் என்கிறது. வாசலுக்கும் தொட்டிக்குமாக நடந்தேன்.

இதை ஏரி என்கிறார்கள். மூட்டம் போட்டால் அக்கரை தெரியாது, காற்றடித்தால் ஆள் உயரம் அலை வருகிறது, இதற்கு ஏரி என்று பெயர் வைக்க எப்படி மனசு வந்ததோ. உப்பு மட்டும்தான் இல்லை. மலாவி நாட்டுக்குக் கடலே கிடையாது. இந்தக் கரையில் உப்புத் தண்ணீர் இருப்பது, ஐஸ் அச்சுகளைக் குளிரவைக்கிற என் தொட்டியில் மட்டும்தான். சில சமயம் விரலை முக்கி நாக்கில் வைத்துப் பார்க்கிறேன். யாரும் பார்க்காதபோதுதான்.

நவம்பர் 5

விடிகிற நேரத்தில் ஃபோஸ்டரின் லாரி வந்தது. கூடவே த்வாய்பு. அசியாத்தம்மாவின் தம்பி.

இவன் ஃபோஸ்டர் வலைக்கு முங்குகிறவன். இங்கத்து வலைக்கு அடிப்பக்கம் திறந்திருக்கும்; வளைத்துப் போட்டதும் ஒருவன் முங்கிப்போய்க் கீழ்க்கயிற்றை இழுத்துக் கட்ட வேண்டும். அவன் இல்லையென்றால் மீனெல்லாம் கீழ்வழியாக நடையைக் கட்டிவிடும். நானும் சங்கு குளித்தவன், வலது காது கிழியும்வரை. அதைச் சொன்ன நாளில் த்வாய்பு தன் சீழ் பிடித்த காதைத் திருப்பிக் காட்டினான். அன்றிலிருந்து நாங்கள் சிநேகம்.

இவர்கள் பாஷையில் பாதிதான் எனக்குப் புரியும், மீதியைக் கைஜாடையால் நிரப்பிக்கொள்வேன். ஆனால் எழுத உட்கார்ந்தால் எல்லாரும் தூத்துக்குடிக்காரர் மாதிரியே பேசுகிறார்கள். நான் என்ன செய்ய?

“ஐஸ் எதுக்குலே?”

“கல்யாணத்துக்கு.”

“யாருக்குக் கல்யாணம்?”

“உமக்குத்தான், மச்சான்.”

மச்சான் என்றுதான் கூப்பிடுவான். அவன் அக்கா புருஷனை இழந்தவர், நான் பெண்டாட்டியை இழந்தவன். அவனுக்கு அது போதும். வாயை மூடச் சொன்னேன். லாரி நிறைய ஐஸ் பார் ஏற்றினோம். கல்யாணத்துக்கு இவ்வளவு ஐஸா என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை.

நவம்பர் 9

ஐஸ் பெட்டிகள் திரும்பி வந்தன. கழுவினேன். அடியில் தேங்கிய தண்ணீரில் கடுகு மாதிரி பொடிப்பொடியாக என்னவோ கிடந்தது. ஏரிப் பூச்சியாக இருக்கும். இந்த மாதங்களில் தண்ணீர்மேல் அது புகைக்கம்பமாக எழும்பும், பிடித்து அடை தட்டிக்கூடத் தின்கிறார்கள். ஹோஸைப் பிடித்து எல்லாவற்றையும் சாக்கடைக்கு அனுப்பினேன்.

த்வாய்பு எனக்கென்று இரண்டு மீன் விட்டுப் போயிருந்தான். சம்போ. இந்த ஏரியில் நல்ல மீன் என்றால் இதுதான். தடைக்காலத்தில் எங்கிருந்து வந்தது என்று தெரியாத அளவு நான் குழந்தையில்லை. ஆனால் தடை எதற்கு? மீன் சினைப்படுவதற்கு. ஆகவே வயிற்றைக் கீறிப் பார்த்தேன். இரண்டிலும் சினை இல்லை. சினைக்காலமே தொடங்கவில்லை, இவர்கள் தேதியை முன்னால் போட்டுவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மனசு லேசாகிவிட்டது. சந்தையில் புளி கிடைக்கிறது, நம்மூர்ப் புளியேதான். குழம்பு வைத்து இரண்டு வேளை சாப்பிட்டேன்.

நவம்பர் 12

அசியாத்தம்மா வந்தார். உள்ளே வரவில்லை, கதவோரம் நின்றே பேசினார்.

“ஐஸை நிறுத்துங்க. ரெண்டு மாசந்தான் கேக்கேன்.”

“சோடாக் கடைக்கு?”

“நீங்க வாரதுக்கு முன்னால சோடாவைச் சூடாத்தான் குடிச்சோம். ஒருத்தரும் சாகல.”

எனக்குக் கோபம் வந்தது. “வலை போடுறவனைப் பிடிக்க வேண்டியதுதான, அமாயி. என்னை வந்து கேட்டா?” என்றேன். அமாயி என்றால் இங்கே அம்மா.

“அவன் இருட்டுல போறான். எங்க படகுக்கு டீசல் கிடையாது. என் தம்பியைக் கையைப் பிடிச்சு இழுத்துப் பாத்தேன், தள்ளிட்டுப் போறான். ஆனா ஐஸ் இல்லாம அந்த மீனு டவுனுக்குப் போகாது. டவுனுக்குப் போகலைன்னா லாரி வராது. லாரி வராட்டா வலை எதுக்கு?” குடாப் பக்கம் கையை நீட்டினார். “ரொம்ப வருஷமா சம்போ இந்தக் குடாவுக்குள்ள வரல. இந்த வருஷந்தான் வந்து மணல்ல குழி பறிச்சிருக்கு. இதையும் அள்ளிட்டா பொறவு வராது. அவ்வளவுதான்.”

“நான் வயித்தைக் கீறிப் பாத்துட்டேன். சினையே இல்ல” என்று சொல்லிவிட்டு, பேச்சை முடிக்கக் கம்ப்ரஸரைப் போட்டேன். அவர் ஏதோ திரும்பத் திரும்பச் சொன்னார். மிஷின் சத்தம். என் கேட்காத காதும் அவர் பக்கம் இருந்தது. நான் அதைத் திருப்பவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

நான் வேலைக்காரன். என்னிடம் கேட்டு என்ன?

நவம்பர் 14

மகள் ஜெனோவா போன் செய்தாள். “சாப்பிட்டியளா, எப்ப வாரீய” என்று வழக்கமான கேள்வி. பிறகு, “அங்க பேச்சுத்துணைக்கு யாராச்சும் இருக்காங்களாப்பா?” என்றாள். இல்லை என்றேன். கேட்காமலேயே கரைக் கமிட்டி பற்றிச் சொன்னேன். அந்தம்மா எப்படிப் பேசும், எப்படி நிற்கும், கோபம் வந்தால் தலைத்துணியை எப்படி இறுக்கிக் கட்டும் என்றெல்லாம். “ம்ம்” என்று கேட்டுக்கொண்டாள்.

மூன்று முறை கரைக்குப் போய் வந்தேன். ஒரு காரணமும் இல்லை.

நவம்பர் 18

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத முடிகிறதா பார்க்கிறேன்.

விடியலில் த்வாய்பு மீனோடு வந்தான். பெட்டியில் அடுக்கக் கைகொடுத்தேன். ஒன்று இன்னும் உயிரோடு வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. பாவமாக இருந்தது, ஒரு பேசின் தண்ணீரில் போட்டேன். அது ஒருமுறை துள்ளியது. வாயைத் திறந்தது. உள்ளேயிருந்து கடுகு கடுகாகக் கொட்டியது. ஒவ்வொரு கடுகுக்கும் இரண்டு கண். பேசின் முழுக்க நீந்தின.

“என்னலே இது?”

“குஞ்சு” என்றான் த்வாய்பு, இது ஒரு கேள்வியா என்பது போல. “சம்போ வாயிலதான் குஞ்சு வளக்கும். முட்டையையும் வாயிலதான் வச்சிருக்கும், இரைகூட எடுக்காது. ஏதாச்சும் பயமுறுத்தினா வெளிய மேயுற குஞ்சையும் அள்ளி வாய்க்குள்ள போட்டுக்கிடும். உமக்குத் தெரியாதா?”

எனக்குத் தெரியாது. எங்கள் கடலில் சினை என்றால் வயிறு. பிறந்ததிலிருந்து மீனோடு கிடந்தவன், மீனைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்று இருந்தவனுக்கு, வாயைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லை.

அவன் போன பிறகு பெட்டிகளின் ஞாபகம் வந்தது. நான் ஹோஸ் அடித்துச் சாக்கடைக்கு அனுப்பியது பூச்சியில்லை. வாயில் குஞ்சோடு வலையில் மாட்டியவை என் ஐஸுக்குள் வாயைத் திறந்தபடி செத்திருக்கின்றன. நான் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு கழுவியிருக்கிறேன்.

தாய் மீன் பேசினில் கொஞ்ச நேரத்தில் செத்துப்போனது. குஞ்சுகளை ஏரியில் கொண்டுபோய் விட்டேன். தாயில்லாமல் பிழைக்காது என்று தெரிந்துதான் விட்டேன். வெட்கமாக இருக்கிறது. சாப்பிடப் பிடிக்கவில்லை.

நவம்பர் 19

காலையில் கம்ப்ரஸர் படுத்துவிட்டது. வால்வுத் தகடு உடைந்துவிட்டது. மிஷின் என்றால் உடையத்தான் செய்யும். சேட்டுக்குச் சொன்னேன். போட்டோ அனுப்பச் சொன்னார். போனில் கேமரா சரியில்லை.

தகடு தென்னாப்பிரிக்காவிலிருந்துதான் வர வேண்டும். எப்போது வருமோ.

நவம்பர் 20

மெத்தையில் ஒரு பக்கம் மேடாக இருக்கிறது. முதுகில் குத்துகிறது.

நவம்பர் 22

லாரி வந்து வெறுமனே திரும்பியது. ஃபோஸ்டர் நேரில் வந்து கத்தினான். மிஷின் மூடியைத் திறந்து காட்டினேன். “தகடு இருக்க வேண்டிய இடம் காலி, பாருங்க.” அவனுக்கு மிஷினைப் பற்றி ஒன்றும் தெரியாது, நல்லவேளை.

பிடித்த மீன் கரையிலேயே கெட்டது. பருந்துகள் சுற்றின. அசியாத்தம்மா மாமரத்தடியிலிருந்து பிளாண்ட் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். நான் தலையைக் குனிந்து ஸ்பானரைத் துடைத்தேன். இதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை. மிஷின் உடைந்தது, அவ்வளவுதான்.

ராத்திரி நன்றாகத் தூங்கினேன், மேட்டின் மேலேயே.

நவம்பர் 26

புகை.

நான் போட்ட கணக்கு இது: ஐஸ் இல்லாவிட்டால் மீனைக் கருவாடாக்க வேண்டும். அதற்கு உப்பும் வெயிலும் வேண்டும். உப்பு இந்த ஊரில் மருந்து மாதிரி பொட்டலத்தில் விற்கிறது, வானமோ மூட்டமாகக் கிடக்கிறது. ஆக வியாபாரம் படுத்துவிடும். உப்பளத்துக்குப் பக்கத்தில் பிறந்தவன் வேறு எப்படிக் கணக்குப் போடுவான்.

இவர்கள் புகை போடுகிறார்கள். ஃபோஸ்டரின் ஆட்கள் கரையில் மண் அடுப்பு வரிசையாகக் கட்டி, கம்பித் தட்டியில் மீனைப் பரப்பிக் கீழே விறகு எரிக்கிறார்கள். புகை போட்ட மீனுக்கு லாரி அவசரமாக வர வேண்டியதில்லை. சாவகாசமாக வந்து அள்ளிக்கொண்டு போகும்.

இவ்வளவு விறகு எங்கிருந்து வந்தது? சுற்றிலும் மலை மொட்டையாகக் கிடக்கிறது.

நவம்பர் 27

மயானத்திலிருந்து வந்திருக்கிறது.

இந்த நாட்டில் பெரிய மரம் பார்க்க வேண்டுமென்றால் மயானத்துக்குப் போக வேண்டும். மற்ற இடமெல்லாம் சோளக்காடாகிவிட்டது, கரியாகிவிட்டது. மயானத்தில் மட்டும் யாரும் கத்தி வைக்க மாட்டார்கள். சுள்ளி பொறுக்கக்கூட மாட்டார்கள். அதனால் இவர்கள் முப்பாட்டன் காலத்துக் காடு அப்படியே அங்கே நிற்கிறது. மஹோகனி, பெயர் தெரியாத கொடிகள், வேறெங்கும் இல்லாத பறவைகள். நான் வெளியே நின்று பார்த்ததோடு சரி.

ஃபோஸ்டரின் ஆட்கள் வெளியூர்க்காரர்கள். ஓரத்திலிருந்து உள்ளே வெட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள். த்வாய்புவும் அசியாத்தம்மாவும் அவர்கள் தாயைப் புதைத்த இடத்தில் நின்றார்கள். அங்கே நிழலாக நின்ற மஹோகனி இப்போது அடிக்கட்டை. த்வாய்பு குந்தி உட்கார்ந்து அதைத் தடவிக்கொண்டிருந்தான். அவன் அக்கா அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குப் பரவாயில்லையாக இருந்திருக்கும்.

நான் கிட்டப் போகாமல் திரும்பிவிட்டேன். வீட்டில் உட்காரவும் முடியவில்லை.

நவம்பர் 29

மாமரத்தடியில் ஊர்க்கூட்டம். மயானத்தில் கத்தி வைத்தது யார் என்று எல்லாருக்கும் தெரியும். சே சயிதி வேறு ஒன்று கேட்டார். “ஐஸ் இருந்த வரைக்கும் ஒருத்தனும் புகை போடல. ஐஸ் மிஷினு எப்படி ஒடஞ்சுது?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

எழுந்து நின்றேன். “மிஷின் உடையல. நான்தான் தகட்டைக் கழட்டி மெத்தைக்கடியில வச்சிருக்கேன். சம்போவைப் பிடிக்கக் கூடாதுன்னு செஞ்சேன். மரத்தை வெட்டுவாங்கன்னு எனக்குத் தெரியாது.”

சலசலப்பு. சிலர் சிரித்தார்கள்கூட. நான் அசியாத்தம்மாவைத்தான் பார்த்தேன். நன்றி சொல்வார் என்று உள்ளுக்குள் ஓர் ஆசை இருந்தது. இருந்தது என்றே எழுதிவிடுகிறேன்.

“எங்கிட்டச் சொல்லிட்டுச் செஞ்சா என்ன?” என்றார். தலைத்துணியை இறுக்கிக் கட்டினார். “ஐஸ் நின்னா அடுத்து அடுப்பு மூட்டுவான்னு இங்க சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். சொல்லியிருந்தா மயானத்துக்கு அன்னைக்கே காவல் போட்டிருப்போம். நீங்க ஒத்தையில உக்காந்து எங்க ஏரிக்கு முடிவெடுத்தீய. எங்க அம்மா தலைமாட்டு மரம் போச்சு.”

மரத்தடியில் முடிந்து கிடந்த வலையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

“தகட்டை மாட்டுங்க” என்றார். “ஐஸ் போடுங்க. அதை யாருக்குக் குடுக்கதுன்னு இங்க பேசுவோம்.”

பேசினார்கள். வெயில் தாழும்வரை பேசினார்கள். யாருடைய வலை மரத்தடியில் கிடக்கிறதோ அவர்களுக்குத்தான் ஐஸ். பிளாண்டில் பார் தூக்குகிறவர்கள் எல்லாரும் இந்த ஊர் ஆட்கள். ஃபோஸ்டர் லாரிக்கு ஒருத்தனும் தூக்க மாட்டான். மயானத்து வாசலில் பெண்கள் முறை வைத்து உட்காருவார்கள். வெட்ட வருகிறவன் அவர்களைத் தாண்டித்தான் போக வேண்டும்.

கூட்டம் முடியும்போது த்வாய்பு எழுந்தான். “நான் இனி ஃபோஸ்டருக்கு முங்கல” என்றான். அவ்வளவுதான் சொன்னான். மச்சான் என்று கூப்பிட்டு எதுவும் சொல்வான் என்று பார்த்தேன், சொல்லவில்லை.

டிசம்பர் 4

மிஷின் ஓடுகிறது. “தகடு கிடைத்துவிட்டது” என்று சேட்டிடம் சொன்னேன். அது பொய்யில்லை.

ஃபோஸ்டர் அடுப்புகளை இடித்துவிட்டு, படகையும் வலையையும் லாரியில் ஏற்றிக்கொண்டு தெற்கே வேறு கரைக்குப் போனான். போகிற இடத்தில் வேறொருவன் முங்குவான். அந்தக் கரைக்கு யார் இருக்கிறார்களோ.

டிசம்பர் 13

மழை வரவில்லை. போன வருஷம் இந்நேரம் சோளம் முழங்காலுக்கு நின்றதாம். எல்லாரும் வானத்தைப் பார்த்துப் பார்த்துக் கழுத்தைச் சொறிகிறார்கள். வலையும் இல்லை, விதைப்பும் இல்லை. வீடுகளில் ஒருவேளைச் சமையல்தான். ஜனவரி, ஜனவரி என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

டிசம்பர் 25

பெருநாள். இந்த ஊரில் அநேகமாக எல்லாரும் முஸ்லிம். எனக்கு மட்டும்தான் பெருநாள். தனியாக ஜெபம் சொன்னேன். மகளோடு பேசினேன்.

மத்தியானம் அசியாத்து ஒரு தட்டில் சோறும் கோழியும் கொண்டுவந்து வைத்தாள். “உங்க பண்டிகைன்னு த்வாய்பு சொன்னான்” என்றாள். மயானத்து வாசலில் முறை இருப்பதாகச் சொல்லி உட்காராமல் போய்விட்டாள். தட்டைக் கழுவித் திருப்பிக் கொடுக்க வேண்டும். இன்றைக்கே கொடுக்கலாமா, நாளைக்கா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

டிசம்பர் 28

நேற்றுத்தான் முதல் மழை. தட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

ஜனவரி 1

இன்று திறப்பு. விடியுமுன் ஊர் முழுக்கக் கரையில். வலைகளை அவிழ்த்துப் படகில் ஏற்றிவிட்டார்கள். நான் ஐஸை உடைத்துப் பெட்டிகளில் நிரப்பித் தயாராக வைத்திருந்தேன். சேட்டின் லாரியும் வந்து நின்றது.

முதல் வலை சே சயிதியுடையது. முங்குகிறவன் த்வாய்பு. குடாவுக்குள் வளைத்துப் போட்டார்கள். த்வாய்பு முங்கினான். நாங்கள் கரையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். மேலே வந்தான். கயிற்றைக் கட்டிவிட்டதாகக் கை காட்ட வேண்டும். காட்டவில்லை. படகில் சத்தம் கேட்டது. பிறகு வலையை இழுத்தார்கள். ஒன்றும் இல்லாமல் வந்தது.

கரைக்கு வந்ததும் பிடித்துக்கொண்டார்கள். “கட்டாம ஏன் விட்டே?”

“வாயில இன்னும் குஞ்சு இருக்கு” என்றான். “ஒண்ணு ரெண்டு இல்ல. அந்த மணல் முழுக்க. மழை தள்ளிப்போச்சுல்லா, மீனும் தள்ளிப்போச்சு.”

“இன்னைக்குத் தேதி ஒண்ணு” என்று ஒருவன் கத்தினான். “ரெண்டு மாசம் வயித்தக் கட்டியாச்சு. என் வீட்ல மாவு இல்ல.”

அவன் சொன்னது நியாயம்தான். எல்லாரும் அசியாத்தைப் பார்த்தார்கள். “தேதி முடிஞ்சுபோச்சு. இனி நிறுத்துங்கன்னு சொல்ல எனக்கு அதிகாரம் கிடையாது” என்றாள்.

இன்னொருவன் த்வாய்புவைக் காட்டி, “அன்னைக்குத் திருட்டுத்தனமா முங்கினவன் பேச்சை இன்னைக்கு எதுக்கு நம்பணும்?” என்றான். அப்போது சே சயிதி என்னைக் கூப்பிட்டார். “நீங்க முங்கினவருதான? உங்களுக்கு இங்க வலை கிடையாது, சொந்தம் கிடையாது. போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க.”

காது என்று சொல்ல வாயெடுத்தேன். அசியாத்து பார்த்துக்கொண்டு நின்றாள். சொல்லவில்லை.

சட்டையைக் கழற்றிவிட்டு த்வாய்புவோடு இறங்கினேன். உப்பில்லாத தண்ணீர், உடம்பு மிதக்கவே இல்லை, கல்லாக இறங்கியது. காதுக்குள் ஊசி ஏற்றினாற்போல் வலித்தது. அடியில் வெளிச்சம் இருந்தது. மணலில் வட்ட வட்டமாகக் குழிகள், தாம்பாளம் பதித்த அளவுக்கு. அதற்கப்பால் பெண்மீன்கள் நின்றன, இரையெடுக்காமல் வயிறு ஒட்டி, தலை மட்டும் பெரிதாக. ஒவ்வொன்றின் முகத்துக்கு முன்னாலும் தூசி மாதிரி ஒரு மேகம். என் நிழல் விழுந்ததும் அந்த மேகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வாய்க்குள் போய்விட்டன. அவை ஓடவில்லை. வாயை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தபடி நின்றன.

மேலே வந்தபோது வலது காதிலிருந்து ரத்தம். கரையில் அத்தனை பேரும் என் வாயைப் பார்த்தார்கள். நான் என்ன சொன்னாலும் நடக்கும் என்று அந்த நிமிஷம் தெரிந்தது. பயமாக இருந்தது.

“பாத்ததைச் சொல்லுதேன்” என்றேன். “த்வாய்பு சொன்னது உண்மை. குஞ்சு வாயிலதான் இருக்கு. வலை போடுறதா வேண்டாமாங்கறது எனக்குத் தெரியாது. வீட்ல மாவில்லாதவன் நான் இல்ல. நீங்க பேசுங்க.”

பேசினார்கள். சண்டையும் வந்தது. ஒருவன் வலையைத் தூக்கிக்கொண்டு படகுவரைக்கும் போய்விட்டான். அவன் பெண்டாட்டி போய் இழுத்து வந்தாள். வெயில் ஏற ஏற என் ஐஸ் ஒழுகிப் பெட்டியிலிருந்து மணலில் ஓடியது, யாரும் கவனிக்கவில்லை. கடைசியில் முடிவானது: குடாவுக்குள் வலை கிடையாது. வாய் காலியாகும்வரை வெளியே ஆழத்தில் பொடிமீன் பிடித்து வயிற்றைக் கழுவிக்கொள்வது. வாய் காலியானதை யார் சொல்வது? தினமும் காலையில் இரண்டு பேர் முங்கிப் பார்த்துச் சொல்ல வேண்டும், ஒருவன் பேச்சு போதாது.

லாரி வெறுமனே போனது. சேட் போனில் கூப்பிட்டார்.

“மிஷினுக்கு மறுபடி என்ன?”

“மிஷின் நல்லா ஓடுது சேட். ஐஸும் இருக்கு. மீன் வேண்டாம்னு ஊர்ல முடிவு பண்ணிட்டாங்க.”

“நீ என்ன பண்ணினே?”

“நான் முங்கிப் பாத்துச் சொன்னேன்.”

நாளைக் காலை ஆறு மணி பஸ்ஸில் பிளான்டயர் வா, பெட்டியோடு வா, உன் கணக்கை முடித்து ஊருக்கு அனுப்புகிறேன் என்றார். சத்தம்கூடப் போடவில்லை.

சாயங்காலம் அசியாத்து வெந்நீரும் துணியும் கொண்டுவந்தாள். முதல் தடவையாக உள்ளே வந்து உட்கார்ந்தாள். காதைத் துடைத்தாள். எனக்கு ஏனோ கண் கலங்கிவிட்டது. வலி என்று சொன்னேன். கட்டிவைத்த பெட்டியைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டாள். பஸ் விஷயத்தைச் சொன்னேன்.

துணியைப் பிழிந்து மடித்தாள். அவசரப்படவே இல்லை.

“ஆறு மணிக்கா?” என்றாள். “ஆறு மணிக்குத் தண்ணி தெளிவா இருக்கும். த்வாய்பு உங்களுக்காகக் கரையில நிப்பான்.”

ஜனவரி 2

காலை ஆறு மணிக்கு முங்கினோம். குஞ்சுகள் இன்னும் வாயில்தான் இருக்கின்றன.